கட்டியைக் கேட்டீர்கள், என்னைக் கேட்டீர்களா?

கட்டியைப் பற்றி எல்லோரும் கேட்டாயிற்று. எத்தனை சென்டிமீட்டர், எந்தப் பக்கம், எவ்வளவு சுருங்கியது. அது குடியிருந்த நெஞ்சு எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் ஒருவருக்கும் நேரமில்லை.

கரண்டு வைத்தார்கள், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை. நுரையீரல் புற்றுக்கு வழக்கமாக 60 கிரே அளவுக் கதிர். அதை 30 பங்காக்கி வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். நெஞ்சில் மையால் கோடு போட்டு, "குளிக்கும்போது அழிச்சிடாதீங்கம்மா" என்று சொல்லத் தெரிந்தது. மூன்றாவது வாரம் ரசம் சாதம்கூட இறங்காமல் நெஞ்சுக்குழி நெருப்பாய்க் காந்தும் என்று சொல்லத் தெரியவில்லை.

அதுகூடப் போகட்டும், ஆறிவிட்டது. கடைசி நாள், "எல்லாம் முடிஞ்சிடுச்சு, போயிட்டு வாங்க" என்று அனுப்பினார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கே முடிந்தது? கதிர் பட்ட நல்ல நுரையீரலில் ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் அழற்சி வரலாம். வறட்டு இருமல், காய்ச்சல், மேல்மூச்சு. கிருமியால் வருவதல்ல, ஆன்டிபயாட்டிக் கேட்காது; ஸ்டீராய்டு கொடுத்து மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். இதெல்லாம் பட்டு அழிந்த பிறகு என் மகள் வேறொரு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

இருமல் வந்ததும் ஜிஎஸ்டி ரோட்டோரம் ஒரு கிளினிக்குக்குப் போனேன். எக்ஸ்ரேயில் வெள்ளையாய்த் தெரிந்தது. டி.பி. என்றார்கள். 1928-இல் தாம்பரம் சானிடோரியம் வந்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் இருமினாலே அந்த நினைப்புதான். சளியைப் பரிசோதிக்காமலே மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது, சோற்றைக் கண்டால் வாந்தி, மூச்சோ இன்னும் மோசம். கரண்டு வைத்ததைச் சொன்னேனே! "அது முடிஞ்சு ரெண்டு மாசமாச்சேம்மா" என்றார்கள். ரெண்டு மாசம் ஆனதால்தானே ஐயா சந்தேகப்பட்டிருக்க வேண்டும்!

தெரியாமல் நடந்திருந்தால் தலையெழுத்து என்று கிடப்பேன். கரண்டு வைக்குமுன் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறார்கள், நுரையீரலில் எத்தனை சதவீதம் 20 கிரேயோ அதற்கு மேலோ வாங்கும் என்று. சுமார் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று எல்லையும் வைத்திருக்கிறார்கள். ஆக, என் நல்ல நுரையீரல் எவ்வளவு வேகும் என்பது அவர்கள் திரையில் ஓர் எண்ணாக இருந்திருக்கிறது. எனக்குச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஆனால் கேட்பதற்கு ஒன்று எல்லோரிடமும் இருந்தது. "பீடி, சிகரெட் பழக்கம் உண்டாம்மா?" ஆயுளில் நான் ஊதியது விறகடுப்பு ஒன்றுதான்.

ஐரோப்பாவில் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு ஒன்று நுரையீரல் புற்று நோயாளிகளைக் கேட்பதற்கென்றே 13 கேள்விகளை 1994-இல் வெளியிட்டதாம். இருமல் உண்டா, விழுங்கச் சிரமமா, தோளில் வலியா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா. மாடி ஏறுவதா! கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், கீழே பீச் வண்டி வந்து போய்விடுகிறது. பின்னால் வருகிறவர்கள், "ஓரமா நில்லும்மா" என்கிறார்கள். நுரையீரலில் தழும்பு விழுந்துவிட்டதாம், இனி அந்த இடம் விரியாதாம். படுத்தால் இருமல்; தலையணை அடுக்கி உட்கார்ந்தபடியே கண் அயர்கிறேன். பேத்தியைத் தூக்க முடியவில்லை. இதைக்கூட நான் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, மகள் எழுதுகிறாள்.

கரண்டு வைக்காவிட்டால் இன்று இருந்திருக்க மாட்டேன், தெரியும். அதைச் சொல்லித்தான் என் வாயை அடைக்கிறார்கள். "உயிரோட இருக்கீங்களே, சந்தோஷப்படுங்க."

கடைசி நாளன்று தமிழில் ஒரு தாள் கொடுத்திருக்கலாம். இருமல், காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தால் உடனே இங்கே வா, வேறு டாக்டரிடம் போனால் இதைக் காட்டு என்று நாலு வரி. முதல் நாள் இங்கிலீஷில் அச்சடித்து என்னிடம் கையெழுத்து வாங்கினீர்களே, அதற்குத் தாள் இருந்ததே?