பெயர் தெரியாதவருக்கும் கிடைக்க வேண்டும்

பச்சைமலை அடிவாரத்தில் உள்ள உப்பிலியபுரத்தில், விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டுக் கைகளை அசைக்க இயலாத இளைஞர் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். தலையசைவாலும், கண் பார்வையாலும், குழாய் வழியே ஊதும் மூச்சாலும்கூடக் கணினியை இயக்கும் கருவிகள் இன்று உள்ளன. அவை இருப்பதையே அறியாத ஒருவர், எந்தச் சொல்லைக் கொண்டு அவற்றைத் தேடுவார்?

உதவிக் கருவிகள் பற்றிய தகவலை மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வடிவில் அளிப்பது அரசின் கடமை என்கிறது ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 4-ஆவது பிரிவு. இந்தியா 2007-இல் அதை ஏற்று உறுதி செய்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் மட்டும் சுமார் 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். அவர்களுக்குத் தேவை, தமிழில் தேடக்கூடிய ஒரு கருவித் தரவுத்தளம்.

அதை எப்படி வகைப்படுத்துவது என்பதே அடிப்படைக் கேள்வி. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் கூறும் 21 வகைக் குறைபாடுகளின்படி பிரிப்பது எளிது, ஆனால் பயன்தராது. மூளை முடக்குவாதம் உள்ளவருக்கும் தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கும் ஒரே ஸ்விட்ச் பொருந்தலாம். ஒரே வகைச் சான்றிதழ் பெற்ற இருவருக்கு வெவ்வேறு கருவிகள் தேவைப்படலாம். இதனால்தான் ஐஎஸ்ஓ 9999 என்னும் பன்னாட்டுத் தரநிலை, குறைபாட்டை விடுத்துக் கருவியின் பயன்பாட்டை அடிப்படையாகக் கொள்கிறது. கணினி உள்ளீட்டுக் கருவிகளுக்கு அதில் 22 36 என்ற தனிப்பிரிவு உண்டு. ஐரோப்பாவின் 'ஈஸ்டின்' தகவல் வலையமைப்பு இத்தரநிலையையே பின்பற்றுகிறது.

எனினும், 'மாற்று உள்ளீட்டுக் கருவி' என்ற தலைப்பு வல்லுநருக்கே புரியும். பயனாளியின் கேள்வி வேறு: 'என் உடலில் எதை அசைக்க முடியும்? அதைக் கொண்டு எதை இயக்கலாம்?' ஆகவே பன்னாட்டுக் குறியீட்டுடன், இயக்கும் உறுப்பு, தேவைப்படும் அழுத்தம், கைப்பேசியில் இயங்குமா என்பது, விலை, பழுது நீக்கும் இடம் ஆகியவையும் ஒவ்வொரு பதிவிலும் இடம்பெற வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்ய இயலுமா என்பதும் இன்றியமையாத விவரம். ஒரே ஸ்விட்சை அழுத்துபவர், திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிர்வதைப் பார்த்துக் காத்திருந்து தேர்வு செய்கிறார். 247 எழுத்துகளையும் கடந்து காத்திருப்பது யாராலும் ஆகாது. 12 உயிரும் 18 மெய்யும் கொண்டு எழுத்துகளை உருவாக்கும் தமிழ்99 போன்ற முறையே அவருக்கு உதவும். இந்த விவரத்தை அயல்நாட்டுத் தரவுத்தளம் எதுவும் நமக்காகச் சேர்த்துத் தராது.

தொடங்குவது மட்டும் போதாது. அமெரிக்காவில் பல்லாண்டுகள் இயங்கிய 'ஏபிள்டேட்டா' தரவுத்தளமே 2020-இல் மூடப்பட்டது. ஆண்டுதோறும் நிதியும் புதுப்பிக்கும் பொறுப்பும் உறுதி செய்யப்படாவிட்டால் எந்தப் பட்டியலும் பழங்கணக்காகிவிடும். தமிழக அரசு அமைத்துவரும் 'விழுதுகள்' ஒருங்கிணைந்த சேவை மையங்களிடம் இப்பொறுப்பை ஒப்படைக்கலாம். கருவியைத் தேடிக் கண்டறிபவர், அங்கேயே அதை இயக்கிப் பார்க்கவும் வழி பிறக்கும்.

வகைப்படுத்துதல் வெறும் அலுவலகப் பணியன்று. எந்தத் தலைப்பின்கீழ் ஒரு கருவி வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே, உப்பிலியபுரத்து இளைஞரின் கைக்கெட்டாத கணினி அவரது கண்ணசைவுக்கு எட்டுமா என்பது முடிவாகிறது.