முனைவர் ஆய்வுக்குப் பெருநகரம்தான் வேண்டுமா?

உயிர்வேதியியலில் முனைவர் ஆய்வு என்றால் பெருநகரம் வேண்டும், விலையுயர்ந்த கருவி வேண்டும், கையில் பணமும் வேண்டும் என்ற கருத்து திருவண்ணாமலை போன்ற ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. முதுகலை முடித்த மாணவர்கள் விண்ணப்பிக்காமலே விலகிக்கொள்ள இது காரணமாகிறது. மூன்று கூறுகளும் ஆராயத் தக்கவை.

கருவியிலிருந்து தொடங்கலாம். 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் ஒரு வரைபடத்தை வெளியிட்டனர். புரதச் சங்கிலியின் முதுகெலும்பில் ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் சுழலக்கூடிய பிணைப்புகள் இரண்டு உண்டு. அவை எந்தக் கோணங்களில் நின்றால் அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கும் என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. ஏற்கெனவே அச்சில் வந்திருந்த படிகத் தரவுகளிலிருந்து அணுக்களுக்கிடையேயான குறைந்தபட்சத் தொலைவுகளைத் திரட்டி, மேசைக் கணிப்பானால் கணக்கிட்டார்கள். இன்றும் உலகின் எந்த ஆய்வகம் ஒரு புரத அமைப்பைக் கண்டறிந்தாலும் இந்த வரைபடத்தில் இட்டே சரிபார்க்கிறது. அந்த வரைபடம் உருவானது சென்னையில்தான். ஆனால் அன்று நூலகத்தில் தேட வேண்டியிருந்த தரவு இன்று எல்லா ஊருக்கும் பொது. 1971இல் ஏழு அமைப்புகளுடன் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் இப்போது இரண்டு லட்சத்துக்கும் மேல் உள்ளன. ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் கணித்த சுமார் 20 கோடி அமைப்புகளும் இலவசம்.

சோதனைக்குழாய் ஆய்வுக்கு இது போதாது என்பது நியாயமான மறுமொழி. நிறை நிறமாலைமானியை ஒவ்வொரு கல்லூரியும் வாங்க முடியாது. ஆனால் ஆய்வாளரும் கருவியும் ஒரே கூரையின் கீழ் இருந்தாக வேண்டியதில்லை. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரி முதுநிலை மாணவி நிர்மலா, சுனிதி சாலமனின் வழிகாட்டலில் திரட்டிய இரத்த மாதிரிகளை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, எலைசா சோதனைக்காக வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. அதே வேலூர், சென்னையைவிடத் திருவண்ணாமலைக்குத்தான் பக்கம்.

பணத்துக்கு வழி உண்டு. சி.எஸ்.ஐ.ஆர். நெட் உயிரியல் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. தொகை தாமதமாகும் துன்பம் மெய்யானதே. அது சென்னை மாணவரையும் விடுவதில்லை.

சிற்றூர்க் கல்லூரிகளில் உண்மையில் கையைக் கட்டிப்போடுவது வழிகாட்டிகளின் எண்ணிக்கை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி பேராசிரியர் ஒருவர் ஒரே சமயத்தில் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் மட்டுமே ஏற்கலாம். ஆகவே ஒரு துறையில் நிரப்பப்படாத ஒவ்வொரு ஆசிரியர் பணியிடமும் குறைந்தது நான்கு ஆய்வு மாணவர்களின் இடத்தை அடைத்து வைக்கிறது.