பையன் சிரிக்கட்டும்!

சென்ற மாதம் நமது நண்பர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். வந்தவர் உட்காரவும் இல்லை. காப்பியைத் தொடவும் இல்லை. "என் பையனுக்குப் பதினான்கு வயது ஆகிறது. பாடப் புஸ்தகத்தைத் தவிர வேறு எதையும் கண்ணெடுத்துப் பார்க்க மாட்டேன் என்கிறான். கைப்பேசிதான் அவனுக்கு உலகம். நல்ல புஸ்தகங்களாகச் சிலவற்றைச் சொல்லுங்கள்" என்றார்.

இதுவரை என்னென்ன வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்று விசாரித்தோம். பெருமையுடன் ஒரு ஜாபிதாவை ஒப்புவித்தார். வாழ்க்கையில் வெற்றி பெறுவது, ஒழுக்கத்தின் உயர்வு, நேரத்தைப் பொன்போலப் போற்றுவது என்று இந்த ரீதியில் ஏழு புஸ்தகங்கள்!

"பையன் அவற்றை என்ன செய்தான்?" என்று கேட்டோம்.

"அவற்றிடம் அவனுக்கு மிகுந்த மரியாதை. அலமாரியை விட்டு வெளியே எடுப்பதே இல்லை" என்றார் நண்பர்.

இந்த நண்பரைப் போன்ற தகப்பனார்கள் நம் வாசகர்களிலும் பலர் இருப்பார்கள். ஆகையால், அவருக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே சொல்கிறோம்.

பதின்மூன்று முதல் பதினாறு வரையில் உள்ள வயது விசித்திரமானது. சிங்கமும் முயலும் பேசிக்கொள்ளும் கதையைக் கொடுத்தால், "நான் என்ன குழந்தையா?" என்று கோபம் வருகிறது. பெரியவர்கள் படிக்கும் நாவலைக் கொடுத்தால் கொட்டாவி வருகிறது. குரல் உடைகிறது, கைகால்கள் சட்டையை மீறி வளர்கின்றன, நாலு பேர் தன்னைப் பார்த்துச் சிரித்துவிடுவார்களோ என்ற பயம் ஓயாமல் மனத்தை அரிக்கிறது. அந்தப் பயத்துக்கு நாம் அறிந்த நல்ல மருந்து ஒன்றுதான். தன்னைக் காட்டிலும் அதிகமாக அசடு வழிகிற ஒருவனைப் புஸ்தகத்தில் சந்தித்து அவனோடு சிநேகமாகிவிட வேண்டும். ஆகவே, அந்த வயதுக்கு ஹாஸ்யப் புஸ்தகம் வெறும் பொழுதுபோக்கு அல்ல. அவசியமான ஆகாரம் என்பதே நமது அபிப்பிராயம்.

ஆனால் ஹாஸ்யம் என்று அட்டையில் அச்சிட்டிருப்பதெல்லாம் ஹாஸ்யம் ஆகிவிடாது. தேர்ந்தெடுப்பதற்கு நாம் இரண்டு விதிகள் வைத்திருக்கிறோம். முதலாவது, வாங்குகிறவர் தாமே பத்துப் பக்கம் படித்துப் பார்க்க வேண்டும். அதற்குள் ஒரு முறையேனும் அவருக்குச் சிரிப்பு வரவில்லையென்றால், பையனுக்கு வரும் என்று எதிர்பார்ப்பது நியாயம் அல்ல. இரண்டாவது, அந்தச் சிரிப்பு யார் தலையில் விழுகிறது என்று கவனிக்க வேண்டும். திக்குவாய்க்காரனையும், பட்டிக்காட்டானின் பேச்சையும், ஏழையின் பசியையும் பார்த்துச் சிரிக்கச் சொல்லும் எழுத்துக்கள் உண்டு. அவற்றால் பையனுக்குக் கல்நெஞ்சுதான் வளரும். ஆடம்பரத்தையும் போலிப் பெருமையையும் பார்த்துச் சிரிப்பது நல்ல சிரிப்பு. தன்னைத் தானே பார்த்துச் சிரித்துக்கொள்வது அதனினும் நல்லது.

இந்த விதிகளுக்கு உட்பட்ட சில புஸ்தகங்களைச் சொல்வோம்.

புஸ்தகம் என்றாலே ஓடுகிற பையனுக்கு முதலில் 'பரமார்த்த குருவின் கதை'யைக் கொடுக்கலாம். இத்தாலியிலிருந்து வந்து தமிழ்ப் புலவராகவே ஆகிவிட்ட வீரமாமுனிவர் (1680–1747) எழுதியது. 1822-இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சேறியது. ஆறு விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதித்துப் பார்க்கும் சீடர்களும், குதிரை முட்டை என்று பூசணிக்காயை வாங்கும் அவர்களுடைய புத்திசாலித்தனமும் எந்தக் காலத்துக்கும் பொருந்துவன. கதைகளும் சிறியவை. நடை சற்றுப் பழையதாகையால், முதல் கதையை மட்டும் பெரியவர்கள் உரக்கப் படித்துக் காட்டுவது நலம்.

அடுத்தது, தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு.' தேவன் (1913–1957) 1940-களில் 'ஆனந்த விகட'னில் எழுதி வந்த கதைகள் இவை. துப்பறியும் நிபுணர் என்றால் கூரிய புத்தி, கழுகுப் பார்வை என்று நாம் எதிர்பார்க்கிறோம். சாம்புவிடம் இரண்டும் இல்லை. பாவம், அவர் எதையாவது தவறாகச் செய்கிறார். அந்தத் தவறிலேயே திருடன் அகப்பட்டுக்கொள்கிறான். ஊர் அவரை மேதாவி என்கிறது. கணக்குப் பரீட்சையில் தப்பு வழியில் சரியான விடை எழுதிவிட்டு விழித்திருக்கும் எந்தப் பையனுக்கும் சாம்பு நெருங்கிய உறவினர்!

தனியாகப் படிக்கப் பிடிக்காத பையனுக்குப் பம்மல் சம்பந்த முதலியாரின் (1873–1964) 'சபாபதி' ஏற்றது. நாடகம் ஆகையால், வீட்டில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொண்டு படிக்கலாம். சொன்னதைச் சொன்னபடியே செய்து எஜமானைத் திணற அடிக்கும் வேலைக்காரனை, 1941-இல் வெளிவந்த திரைப்படத்தில் கண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நமது இரண்டாவது விதிக்கும் இந்த நாடகம் உட்பட்டதே. வேலைக்காரன் பெயரும் சபாபதி, எஜமானர் பெயரும் சபாபதி. அசட்டுத்தனத்திலும் இருவருக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

இங்கே ஒரு சந்தேகம் எழக்கூடும். தேசத்துக்கு உழைக்க வேண்டிய இளைஞர்களைக் கேலிக் கதைகளில் இறக்கிவிடலாமா என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். தேசத்துக்கு உழைத்தவர்களே அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். பாரதியார் ஆவேசக் கவிதைகள் மட்டுமா எழுதினார்? ஒரு ஜமீன் தர்பாரையும், அதை அண்டிப் பிழைக்கும் வித்துவான்களையும் பரிகாசம் செய்து 'சின்னச் சங்கரன் கதை' எழுதினார். அது முற்றுப்பெறாமல் நின்றது தமிழுக்கு நஷ்டமே. பள்ளிப் படிப்பைத் துறந்து ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்து, 1922-இல் சிறை புகுந்த கல்கிதான் 'ஏட்டிக்குப் போட்டி' என்ற ஹாஸ்யக் கட்டுரைகளையும் எழுதினார். சிறைக் கதவு அவருடைய சிரிப்பை அடைத்துவிடவில்லை.

ஆங்கிலம் படிக்கக்கூடிய பையனுக்கு, ஆர். கே. நாராயண் 1935-இல் வெளியிட்ட 'சுவாமியும் சிநேகிதர்களும்' என்ற நாவலைச் சொல்வோம். அதில் சிறுவன் சுவாமிநாதன் அந்நியத் துணி எரிப்புக் கூட்டத்துக்குப் போகிறான். யாரோ அவன் குல்லாய் அந்நியத் துணி என்று சொல்ல, ஆவேசத்துடன் அதை நெருப்பில் எறிந்துவிடுகிறான். அது கதர்க் குல்லாய் என்பது பிற்பாடு தகப்பனார் வாயால் தெரிகிறது! இந்த இடத்தில் சிரிப்பவனுக்குத் தேசபக்தி குறைந்துவிடாது. ஆவேசம் வந்தபோதும் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற புத்தி, ஒருவரும் உபதேசிக்காமலே வந்துவிடும்.

இன்னும் ஒன்று, ஜெரோம் கே. ஜெரோம் எழுதிய 'படகில் மூவர்' (1889). தேம்ஸ் நதியில் மூன்று நண்பர்களும் ஒரு நாயும் உல்லாசப் பிரயாணம் போகிறார்கள். வைத்தியப் புஸ்தகத்தைப் புரட்டிவிட்டு, அதில் கண்ட வியாதிகளில் ஒன்றைத் தவிர மற்றவை யாவும் தமக்கு இருப்பதாக ஆசிரியர் முடிவு கட்டுவதும், திறக்கும் கருவியை மறந்துவிட்டு அன்னாசிப்பழத் தகர டப்பாவோடு மூவரும் நடத்தும் யுத்தமும் கண்ணில் நீர் வரச் சிரிக்க வைப்பவை. ஆசிரியர் பிறரைவிடத் தம்மையே அதிகம் கேலி செய்துகொள்கிறார். அதுதான் உயர்ந்த ஹாஸ்யத்தின் லக்ஷணம்.

எஸ். வி. வி.யின் எழுத்துக்களை ஏன் சொல்லவில்லை என்று ரசிகர்கள் கேட்கலாம். அவருடைய ஹாஸ்யம் கணவன் மனைவி, சம்பந்தி, குடும்பச் செலவு ஆகியவற்றைச் சுற்றியது. அதை ரசிப்பதற்குக் கொஞ்சம் அடிபட்டிருக்க வேண்டும். பையன் வளரட்டும், அவை எங்கும் ஓடிவிடமாட்டா.

புஸ்தகத்தைக் கொடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறோம். "இதைப் படி, உனக்கு நல்லது" என்று சொன்னால் காரியம் கெட்டது. ஊஞ்சற்பலகையிலோ ஜன்னல் ஓரத்திலோ போட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். இரவு சாப்பாட்டுக்குப் பின் நாலு பக்கம் உரக்கப் படித்து, சுவையான கட்டத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போகலாம். படித்து முடித்தவனிடம், "இதிலிருந்து என்ன நீதி கற்றாய்?" என்று மட்டும் கேட்கக் கூடாது. அதோடு அது எட்டாவது பாடப் புஸ்தகம் ஆகிவிடும்.

தமிழ் இன்று அநேக பையன்களுக்கு மார்க்கு வாங்கும் ஒரு பாடம். பரீட்சை முடிந்ததும் விட்டது சனி. ஒரு பாஷையில் பரீட்சை எழுதியவன் அதை மறந்துவிடலாம். அதில் விழுந்து விழுந்து சிரித்தவன் அவ்வளவு எளிதில் மறக்க மாட்டான்.

நாம் இவ்வளவும் சொல்லி முடித்தபோது நண்பர் உட்கார்ந்திருந்தார். ஆறிப்போன காப்பியைக் குடித்துவிட்டு, மெல்லிய குரலில் ஒரு விஷயம் சொன்னார். அவருக்கும் பதினான்கு வயதாக இருந்தபோது, கணக்குப் புஸ்தகத்துக்குள் வைத்துப் படித்த 'சாம்பு'வை அவருடைய தகப்பனார் பிடுங்கிக்கொண்டாராம். அதற்குப் பிறகு அவர் கதைப் புஸ்தகத்தைத் தொட்டதில்லை. தகப்பனாரோடும் மார்க்கைத் தவிர வேறு எதையும் பேசியதில்லை. "இப்போது நானும் என் பையனிடம் மார்க்கைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடியும் வந்தார். தினந்தோறும் இரவில் நாலு பக்கம் 'சாம்பு' படித்துக் காட்டியிருக்கிறார். ஐந்தாம் நாள் வேலை அதிகமாகி, மறந்துபோய்ப் படுத்துவிட்டாராம். விளக்கை அணைத்த பிறகு பையன் கதவருகில் வந்து நின்று, "அப்பா, மிச்சம் எங்கே?" என்று கேட்டானாம்.

நண்பர் எழுந்து விளக்கைப் போட்டார் என்று சொல்லவும் வேண்டுமா?