காய்ச்சல் விட்டதும் கவலை விட்டதா?



மத்ரஸாவில் ஓதும் ஒரு பிள்ளையின் உம்மா அண்மையில் என்னிடம் வந்தார். "மௌலவி, மகளுக்கு டெங்கு. நாலாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனாலும் டொக்டர் ஸ்கேன் எடுக்க வேணுமாம். கல்யாணமாகாத பிள்ளைக்கு ஸ்கேன் எதற்கு? ஊர் என்ன கதைக்கும்?" என்றார்.

ஸ்கேன் என்றாலே கர்ப்பம் என்று நினைப்பது நம் அறியாமை. டெங்கு நோயில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையிலேயே தொடங்குகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து கசிந்து நெஞ்சிலும் வயிற்றிலும் சேர்கிறது. வெளியே ஒரு துளி இரத்தமும் சிந்தாமலே உள்ளே அதன் அளவு குறைந்துவிடும். இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கலாம். அப்போது சேலைன் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் மூச்சுத்திணறல்.

ஊசியோ கதிரோ இன்றி, காதுக்குக் கேளாத ஒலியைக் கொண்டு இதைப் பார்க்கும் கருவியே ஸ்கேன். கசிந்த நீர் திரையில் கறுப்பாகத் தெரியும். இதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெருநாளத்தையும் டொக்டர் பார்ப்பார். இரத்தம் குறைந்திருந்தால் அது மெலிந்து, மூச்சை இழுக்கும்போது சுருங்கிவிடும். 'டொப்ளர்' முறையில் இரத்தம் ஓடும் வேகத்தையும் அறியலாம். ஆயினும் ஸ்கேன் மட்டும் போதாது. நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், சிறுநீரின் அளவு, இரத்தப் பரிசோதனை அனைத்தையும் சேர்த்தே முடிவெடுப்பார்கள்.

அவ்ரத் பற்றியும் அந்தத் தாய் கேட்டார். பெண் டொக்டர் இருந்தால் அவரிடமே காட்டுங்கள். இல்லாவிடில், மஹ்ரம் ஒருவர் உடனிருக்க, தேவையான அளவு மட்டும் ஆண் டொக்டர் பார்ப்பதை நிர்ப்பந்த நிலையில் மார்க்கம் அனுமதிக்கிறது. வெட்கம் ஈமானின் ஒரு பகுதிதான். ஆனால் உயிரைக் காப்பதும் மார்க்கத்தின் கடமையல்லவா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள்.

2017இல் நம் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டதை மறந்துவிடாதீர்கள். காய்ச்சல் விட்டபின் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், தலைச்சுற்று கண்டால் விடியும் வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு அன்று மாலையே ஸ்கேன் எடுத்தார்கள். நெஞ்சில் நீர் சேரத் தொடங்கியிருந்தது. அளவறிந்து சேலைன் ஏற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், இப்போது மீண்டும் ஓத வருகிறாள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக! ஆமீன்.