ஆவாரை முளைக்காதாம்ல!

"விதை போட்டா ஆவாரை வராது சார், அது காட்டுச்செடி." போன மாசம் ஒரு நர்சரிக்காரர் சொன்னது. செம கடுப்பு மக்களே. காட்டுல யாரு நாத்து விட்டாங்களாம்?

விஷயம் இதுதான். ஆவாரை விதைக்குத் தோல் ரொம்பக் கெட்டி, தண்ணி உள்ள போகாது. அப்படியே போட்டா மாசக்கணக்கா மண்ணுக்குள்ள சும்மா கிடக்கும். கெட்டுப்போன விதைன்னு தூக்கிப் போட்டுடறோம். உப்புத்தாள்ல ஒரு பக்கம் லேசாத் தேய்ச்சு, ராத்திரி பூரா ஊறப் போடுங்க. காலைல உப்பியிருந்தா தண்ணி குடிச்சிருச்சுன்னு அர்த்தம். உப்பாததை மறுபடி தேய்ங்க. பொட்டி தட்டுற எனக்கே 20-க்கு 14 முளைச்சுது. (அதுல ரெண்டைத் தெனமும் தண்ணி ஊத்தியே கொன்னது தனிக்கதை.)

போகிக்குக் காப்புக் கட்ட எங்க கொங்குப் பக்கம் ஆவாரம்பூவைக் கட்டுக்கட்டா ஒடிச்சுட்டு வர்றோம். சர்க்கரைக்கு நல்லதுன்னு காயவெச்சு டீ போடறோம். ரோட்டோரம் குழி வெட்டறது மட்டும் மடகாஸ்கர்ல இருந்து வந்த குல்மோகருக்கு! ஆவாரைக்கு? களைன்னு ஜேசிபி விட்டு வழிச்சுடறோம்.

ஐப்பசி மழைக்கு முன்னாடி வேலியோரம் நேரா மண்ணுலயே ஊணுங்க. ஆணிவேர் செடி, பிடுங்கி நட்டா கோவிச்சுக்கும். எங்கிட்ட ஒரு டப்பா விதை இருக்கு, வேணுங்கறவங்க சொல்லுங்க.