கூரைக்கு நுரை கேட்டவர்களுக்கு



கோடை இதழில் மொட்டைமாடி வெப்பத்தைப் பற்றி எழுதினாலும் எழுதினோம், கடலோரத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: ‘ஸ்ப்ரே ஃபோம் அடிக்கலாமா?’ நாகப்பட்டினம், கடலூர், தூத்துக்குடி, சென்னையில் ராயபுரம், மயிலாப்பூர் என்று எழுதிய எல்லோருமே பழைய வீட்டுக்காரர்கள். புதுச்சேரி தமிழர் பகுதியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதிய கடிதம் மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதியது போல இருந்தது. ஹூஸ்டனில் இருக்கும் அவர் மகன் போனில் சொல்கிறாராம்: “எங்க வீட்ல பரண் முழுக்க அடிச்சிருக்கும்மா, கரண்ட் பில் குறைஞ்சிருச்சு. நம்ம வீட்டு மச்சுக்கு அடியிலயும் அடிச்சிடுவோம், பணம் நான் அனுப்பறேன்.” வந்து பார்த்த கம்பெனி ஆள், ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார். பழைய கொத்தனார் மட்டும் வேண்டாம் என்று தலையாட்டுகிறார். காரணம் கேட்டால் அவருக்குச் சொல்ல வரவில்லை. “நான் யார் பேச்சைக் கேட்பது?”

டீச்சர், கொத்தனார் பேச்சைக் கேளுங்கள். காரணத்தை நாங்கள் சொல்கிறோம்.

உங்கள் மகன் சொல்வதும் பொய்யில்லை. இந்த நுரை பாலியூரித்தேன். 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் கண்டுபிடித்த வேதிப்பொருளின் குடும்பம். இரண்டு பீப்பாய்களில் வரும் திரவங்கள், ஒன்று ஐசோசயனேட், மற்றது பாலியால், துப்பாக்கி முனையில் கலந்து பீய்ச்சப்படும். சில விநாடிகளில் பொங்கி, பட்ட இடத்தில் ஒட்டி, இறுகிவிடும். இதில் இரண்டு சாதி. ‘திறந்த அறை’ நுரை ஒரு கன மீட்டருக்கு 8 கிலோ அளவுதான் இருக்கும், பஞ்சு போல மெத்தென்று, நீராவியை உள்ளே விடும். ‘மூடிய அறை’ நுரை 30 கிலோவுக்கு மேல். கெட்டியானது, இரண்டு அங்குல கனம் இருந்தால் நீராவியை ஏறக்குறைய நிறுத்திவிடும். வெப்பத்தைத் தடுப்பதில் இதற்கு ஈடு குறைவு. மூடிய நுரை ஓர் அங்குலம் செய்கிற வேலையைச் செய்ய, செங்கல் சுவர் இரண்டடிக்கு மேல் கனமாக இருக்க வேண்டும். விற்பவர்கள் இதைச் சொல்லும்போது மிகைப்படுத்தவில்லை.

ஹூஸ்டனும் நம்மைப் போலக் கடற்கரை ஈரத்தில் வேகும் ஊர்தான். ஆனால் அங்கே வீடு மரச்சட்டத்தில் நிற்கிறது. சாய்கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவிலுள்ள பரணில்தான் பெரும்பாலும் ஏசிக் குழாய்கள் ஓடுகின்றன. கோடையில் அந்தப் பரண் சூளை. அதனால் கூரையின் அடிப்பக்கத்தில் நுரையடித்து, பரணையும் குளிர்ந்த வீட்டுக்குள் சேர்த்துக்கொள்கிறார்கள். வீடு முழுக்க, ஆண்டில் பெரும்பகுதி, ஏசி ஓடும் இடத்தில் அது நல்ல கணக்கு.

அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதில்லை. அமெரிக்க வனத்துறையின் மரப்பொருள் ஆய்வுக்கூடமும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக வேளாண் மையமும் சுமார் 15 ஆண்டுகளுக்கு முன் தெற்கு லூசியானாவில் 12 வீடுகளில், தூண்மேல் எழுப்பிய மரத்தரையின் ஈரத்தை அளந்து பார்த்தன. மூடிய நுரை அடித்த தரைப்பலகை காய்ந்தே இருந்தது. நீராவியை விடுகிற காப்புப் பொருள் இருந்த வீடுகளில், ஏசியையும் கடுமையாக வைத்து, மேலே வினைல் போன்ற விரிப்பும் போட்டிருந்தால், கோடையில் பலகை ஈரம் கோத்தது. மழையில் அல்ல, கோடையில். இது குளிர்நாட்டுக்காரர்களுக்குத் தலைகீழ். அங்கே வீட்டுக்குள் இருக்கும் ஈரம் வெளிக்குளிரை நோக்கிப் போகும். நம் கடற்கரையில் வெளியே இருக்கும் ஈரம், ஏசி போட்ட அறையை நோக்கி உள்ளே வருகிறது. நுரையைப் பற்றிப் படிக்கும் எந்தக் குறிப்பையும், அது எந்த ஊர்க்காரர் எழுதியது என்று பார்த்துவிட்டுப் படியுங்கள்.

சென்னையிலோ புதுச்சேரியிலோ வைகாசி, ஆனி மாதங்களில் காற்றின் பனிநிலை 25 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். அதாவது 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பின் மேல் அந்தக் காற்று பட்டாலும் அது வேர்க்கும். அறைக்குள் 20-ல் ஏசி ஓடினால், அந்த அறையின் சுவருக்கு மறுபக்கம், அலமாரியின் பின்புறம், தளத்தின் ஏதோ ஓர் அடுக்கு வேர்த்துக்கொண்டிருக்கும். (2020 முதல் நட்சத்திரக் குறியுள்ள ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மின்சாரத்துக்காகப் போட்ட விதி, பழைய சுவர்களுக்கும் புண்ணியம் செய்கிறது.) இன்னொன்றையும் விற்பவர் சொல்வதில்லை. நுரை வந்தபின் அறை சீக்கிரம் குளிர்ந்து ஏசி அடிக்கடி நின்றுவிடும். ஓடினால்தானே அது ஈரத்தைப் பிழியும்? குளிராக, ஆனால் பிசுபிசுவென்று ஓர் அறை கிடைக்கும். மெத்தையிலும் புத்தகத்திலும் பூஞ்சை பிடிப்பது அங்கேதான்.

இப்போது டீச்சர் வீட்டு மச்சு. அது மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, அவற்றின் மேல் ஓர் அங்குல மெல்லிய செங்கற்களை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்புக் கலவையில் அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டுவது பெரும்பாலும் பெண்கள், வரிசையாக உட்கார்ந்து. கட்டை எழும்பித் துள்ளும்வரை தட்டினால்தான் தளம் இறுகியது என்று கணக்கு. கடைசியில் தட்டோடு. இந்தத் தளத்தில் நீர் ஏறாமல் இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் குடிக்கும். தை பிறந்ததும் மேலேயும் கீழேயுமாக மூச்சுவிட்டுக் காய்ந்துவிடும். சுண்ணாம்பும் செங்கலும் தேக்கும் சேர்ந்து நூறு, நூற்றைம்பது வருடம் நிற்பதன் சூட்சுமம் இந்தக் காய்தலில் இருக்கிறது.

அதன் அடியில் மூடிய நுரையை அடித்தால், நனைந்த துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் போட்ட கதை. மேலே விழுந்த விரிசல் வழியே வரும் நீர் கீழே சொட்டாது. சொட்டினால் அல்லவா நீங்கள் பாத்திரம் வைப்பீர்கள், கொத்தனாரைக் கூப்பிடுவீர்கள்? அது கட்டையின் பக்கவாட்டில் ஊர்ந்து, சுவருக்குள் சொருகியிருக்கும் முனையில் போய்த் தேங்கும். மெட்ராஸ் டெரஸில் முதலில் உளுத்துப்போவது அந்த முனைகள்தான். கரையானுக்கும் நுரை சௌகரியம். அதைத் தின்னாது, குடைந்துகொண்டு போகும். சுவரில் மண்கோடு தெரிந்தால்தானே நாம் மருந்தடிப்போம்? அமெரிக்கத் தென்மாநிலங்களில் கரையான் ஒப்பந்தக்காரர்கள் நுரையடித்த வீடு என்றால் தயங்குவது இதனால்தான். பிரிட்டனில் கூரைமரம் நுரைக்குள் மறைந்துவிட்டதால் வீட்டின் நிலையைக் கணிக்க முடியவில்லை என்று சொல்லி, வங்கிகள் பல கடன் தர மறுத்து, விற்க வந்தவர்கள் திண்டாடினார்கள். ஒட்டிய நுரையை மரத்திலிருந்து சுரண்டியெடுப்பது அடித்ததைவிடச் செலவு.

பழைய கட்டடத்தில் ஈரத்தைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைப் புதுச்சேரிக்காரர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. 1870-71-ல் கடற்கரைச் சாலையில் கட்டிய ‘மேரி’ என்ற நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். நுரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வருடக்கணக்காக நீர் உள்ளே போய்க்கொண்டிருந்ததுதான் சம்பந்தம்.

அப்படியானால் நுரையே வேண்டாமா? அப்படிச் சொன்னால் எங்களைப் பழம்பஞ்சாங்கம் என்பீர்கள். தூத்துக்குடியிலிருந்து எழுதிய அன்பர் கேட்டிருக்கும் தகரக் கிடங்குக்கு, துரு இல்லாத நல்ல தகடாக இருந்தால், அடிப்பக்கம் மூடிய நுரை தாராளமாக அடிக்கலாம். வெக்கையும் குறையும், விடியற்காலையில் தகட்டிலிருந்து சொட்டுவதும் நிற்கும். கான்கிரீட் தளம் உள்ளவர்கள் மேல்பக்கம் அடிக்கலாம். தளம் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், நீர் வழிய வாட்டம் இருக்க வேண்டும், நுரை வெயிலில் உதிர்ந்து போகாமலிருக்க மேலே பூச்சோ, கலவை போட்டு ஓடோ வேண்டும். வெறுமனே விட்டால் வெயில் தின்றது போகப் பறவைகள் கொத்தும். எழுபதுகளில் கட்டிய வீடுகளில் கம்பி துருவேறிக் கான்கிரீட் உப்பிக்கொண்டிருந்தால் அதைத் தட்டி, சரிசெய்து முடிக்கும்வரை நுரைப் பேச்சே எடுக்கக் கூடாது. கீழ்ப்பக்கம் அடித்து அந்த உப்பலை மறைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அடிக்கும்போது ஐசோசயனேட் ஆவி நெஞ்சுக்கு ஆகாது. ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் ஆஸ்துமாவாகத் தங்கிவிடக்கூடும். வேலை செய்பவர் முழு முகமூடி இல்லாமல் வந்தால் வேலையை நிறுத்துங்கள். வீட்டார் குறைந்தது ஒரு நாளாவது வெளியே தங்க வேண்டும், குழந்தைகளும் இளைப்புக்காரர்களும் நிச்சயமாக. நுரை எரியும், எரிந்தால் புகை விஷம். அறைக்குள் தெரியும்படி விடக் கூடாது, அரை அங்குல ஜிப்சம் பலகையாவது மறைக்க வேண்டும். எந்த வாயு ஊதி நுரைக்கிறது என்றும் கேளுங்கள். ஓசோனைத் தின்னும் எச்சிஎஃப்சி-141பி 2020 ஜனவரி 1 முதல் இந்தியாவில் கிடையாது. கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவர் கையில் துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள்.

மகன் அனுப்பும் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது, டீச்சர். முதலில் மாடிக்கு ஆள் ஏற்றி, தட்டோட்டின் இணைப்புகளைச் சுண்ணாம்புக் கலவையால் அடைக்கச் சொல்லுங்கள். மழைநீர் போகும் தூம்புகளில் ஆலங்கன்று முளைத்திருக்கும், வேரோடு எடுக்க வேண்டும். கட்டை முனைகளை ஆணியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள், ஆணி வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் அந்தக் கட்டையை மாற்ற வேண்டும். எப்போதோ யாரோ சுவரின் கீழ்ப்பகுதியில் சிமெண்ட் பூசியிருப்பார்கள். ஓதம் அதற்குமேல் ஏறி, காரையை உப்பாகப் பூக்கவைத்துக்கொண்டிருக்கும். சிமெண்டைக் கொத்தியெடுத்துச் சுண்ணாம்பு பூசுங்கள். மாசியில் மாடிக்குப் பசை கலந்த வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கை அடித்தால், வெயிலின் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிவிடும். மழையில் கரையத்தான் செய்யும், அடுத்த மாசியில் மறுபடி அடிக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகும் உங்கள் படுக்கையறை தாங்கவில்லை என்றால், அப்போது தளத்தின் மேல்பக்கம் என்ன செய்யலாம் என்று ஒரு பொறியாளரைக் கேட்கலாம். அடிப்பக்கம் மட்டும் திறந்தே இருக்கட்டும்.

கடிதம் எழுதிய மற்றவர்களும் வேலையை ஆவணிக்குள் தொடங்கிவிடுங்கள். சுண்ணாம்புக்குக் காயவும் நாள் வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் ஊரெல்லாம் ஒழுகும், கொத்தனாரும் போனை எடுக்கமாட்டார்.

அன்புடன்,
ஆசிரியர்