கூட்டுப் பட்டாவும் பேரன் போட்ட கட்டங்களும்

சென்ற வாரம் மாமல்லபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் உறவினர் பட்டா நகலுடன் வந்தார். கூட்டுப் பட்டா. ஒரே சர்வே எண். அண்ணன் தம்பி நான்கு பேர் பெயர். யாருக்கு எவ்வளவு, எந்தப் பக்கம், எந்தப் பத்திரப்படி என்று அதில் ஒன்றும் இல்லை. கிணற்றுப் பக்கம் தன்னுடையது என்கிறார். தம்பியும் அதையேதான் சொல்கிறாராம்.

மென்பொருள் எழுதும் என் பேரன் அதை வாங்கிப் பார்த்து, "எங்கள் வேலையிலும் இதே தலைவலிதான் தாத்தா" என்றான். 1960களில் நார்வேயில் உருவான சிமுலா மொழியில் தொடங்கிய முறையாம். உலகத்துப் பொருள்களை ஒவ்வொரு கட்டமாக எழுதுவார்கள். ஆள் ஒரு கட்டம், நிலம் ஒரு கட்டம். கட்டம் போடுவது சுலபம். நடுவில் உறவுக் கோடு போடுவதுதான் கஷ்டம்.

ஒருவருக்குப் பல நிலம், ஒரு நிலத்துக்குப் பல பேர். அப்படியிருக்க, பங்கை எந்தக் கட்டத்தில் எழுதுவது? இரண்டிலும் பொருந்தாது. அந்த உறவையே மூன்றாவது கட்டமாக்கி, பங்கு, பத்திர எண், தொடங்கிய தேதி, முடிந்த தேதி எல்லாம் அதில் எழுத வேண்டும் என்றான்.

யோசித்தால் சரிதான். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது எந்த ஊரும் இடம் நகரவில்லை. ஊருக்கும் மாவட்டத்துக்கும் இருந்த உறவுதான் மாறியது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரான்சில் ஒருவருக்குத் திருமணமானால், 1897 முதல் அவருடைய பிறப்புப் பதிவின் ஓரத்திலும் அதைக் குறிக்கிறார்கள். எந்தப் பதிவேட்டைப் புரட்டினாலும் உறவு தெரியும். நம் பட்டாவிலோ 'இன்னார் மகன்', 'இன்னார் மனைவி' என்று உறவு பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மகள் கல்யாணமாகிப் போனால் 'இன்னார் மனைவி' ஆகிவிடுகிறாள்; பிறந்த வீட்டு நிலத்தோடு அவளுக்கு உள்ள கோடு அறுந்துவிடுகிறது.

அப்போதுதான் கேட்டேன், "உனக்குத் தங்கை ஒருத்தி உண்டே, அவள் பெயர் எங்கே?" உறவினர் பேசவில்லை. நிலம் அப்பா சொந்தமாக வாங்கியது. உயில் எழுதாமல் போய்விட்டார். 1956 சட்டப்படியே மகளுக்கும் சம பங்கு உண்டு. பூர்வீகச் சொத்திலும் தமிழ்நாடு 1989இல் உரிமை கொடுத்தது. மத்திய அரசு 2005இல் கொடுத்தது.

கூட்டுப் பட்டாவில் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் பங்கும் பத்திர எண்ணும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. கணினிக்கு அது பெரிய வேலையில்லை. அதுவரை, பாகப்பிரிவினையைப் பதிவு செய்து உட்பிரிவுக்கு மனு கொடுப்பதுதான் வழி.

"முதலில் தங்கையைக் கூப்பிட்டுப் பேசு. கிணற்றை அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினேன்.